புள்ளலூர் வாணம்: மெய்யும் மிகையும்

 

அறிவியலும் வரலாறும் முன்னாளில் நூலகத்து அலமாரிகளில் உறங்கிக் கிடந்தன. தேடிச் சென்றவர்க்கே அவை கிட்டின. இந்நாளிலோ அவை நம் இல்லம் தேடி வருகின்றன. கைப்பேசியைக் கையில் எடுத்தால் போதும். நிலவில் இறங்கிய கலத்தின் செய்தி ஒருபுறம், மண்ணுக்கடியில் கிடைத்த பழம்பொருளின் செய்தி மறுபுறம் என்று நாள்தோறும் வந்து குவிகின்றன. உற்றாரும் நண்பரும் அவற்றை ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்கின்றனர். அறிவுச் செய்தி பரவுவது நல்லதே. ஆனால் பரவுவது அறிவுதானா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

அவ்வாறு நம் சமுதாய இல்லங்களில் பெருவிருப்போடு பகிரப்படும் செய்திகளுள் ஒன்று, திப்பு சுல்தானின் ராக்கெட்டைப் பற்றியது. உலகிலேயே முதன்முதலில் ராக்கெட்டைக் கண்டுபிடித்தவர் திப்புதான் என்றும், ஆங்கிலப் படையை அந்த ஒரே கருவியால் அவர் அழித்தார் என்றும், அமெரிக்காவின் நாசா தலைமையகத்தில் அவரது திருவுருவப் படம் மாட்டப்பட்டுள்ளது என்றும் அச்செய்தி பலவாறாக வளர்ந்து வருகிறது. மத்ரஸாவில் என்னிடம் ஓதும் பிள்ளைகள், "ஹஜ்ரத்! இது மெய்தானா?" என்று கேட்கிறார்கள். இதில் மெய்யும் உண்டு, மிகையும் உண்டு. மெய் எது, மிகை எது என்று பிரித்துப் பார்ப்போமானால், மிகையைவிட மெய்யே நமக்கு அதிகம் கற்றுத் தருவதைக் காண்போம். அதனையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அண்டையிலேயே ஒரு களம்

இக்கதையின் தலையாய நிகழ்ச்சி மைசூரிலோ சீரங்கப்பட்டணத்திலோ நிகழ்ந்ததன்று. நம் காஞ்சிச் சீமையிலேயே நிகழ்ந்தது. நான் வாழும் திருப்புட்குழி, காஞ்சிக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றூர். விசயராகவப் பெருமாள் கோயிலாலும், பழங்காலத்தில் யாதவப்பிரகாசர் மாணவர்க்குப் பாடம் சொன்ன ஊர் என்ற வழக்காலும் பெயர் பெற்றது; தறியோசை கேட்ட ஊர். இங்கிருந்து காஞ்சிக்குச் சென்று, அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கி.மீ. சென்றால் புள்ளலூர் என்னும் ஊர் வரும். சுற்றிலும் வயலும் ஏரியும். பார்ப்பவர்க்கு மற்றுமொரு கிராமம்தான்.

ஆனால் அந்த மண் மூன்று பெரும்போர்களைக் கண்ட மண். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரை வென்ற இடமாகக் காசாக்குடிச் செப்பேடு குறிப்பது புள்ளலூரையே. அதன்பின் பதினொரு நூற்றாண்டுகள் கழித்து, 1780ஆம் ஆண்டிலும் 1781ஆம் ஆண்டிலும் அடுத்தடுத்து இரு போர்கள் அங்கு நடந்தன. ஆங்கிலேயர் அவ்வூரைத் தம் நாவுக்கு ஏற்ப 'பொள்ளிலூர்' என்று எழுதி வைத்தனர். உலக வரலாற்று நூல்களில் அப்பெயரே நிலைத்துவிட்டது. அதனால் காஞ்சியில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட, பொள்ளிலூர் போரென்று படித்தால் அது வேறெங்கோ தொலைவில் நடந்ததென்று எண்ணிக்கொள்கின்றனர்.

1780, செப்டம்பர் 10

1780ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மைசூர் மன்னர் ஹைதர் அலி பெரும்படையுடன் மலைக்கணவாய்களைக் கடந்து ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். அவரை எதிர்க்க ஆங்கிலக் கம்பெனியின் படைத்தலைவர் சர் ஹெக்டர் மன்றோ காஞ்சியில் வந்து தங்கினார். 1764ஆம் ஆண்டு பக்சார் போரில் வென்று புகழ் பெற்றவர் அவர். வடக்கே குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி என்பவர் மற்றொரு படையுடன் அவரோடு சேர வந்துகொண்டிருந்தார். இரு படையும் சேர்ந்துவிட்டால் ஆங்கிலேயரின் வலிமை பெருகிவிடும். எனவே அவை சேரா வண்ணம் தடுக்கும் பொறுப்பை ஹைதர் தம் மகன் திப்புவிடம் ஒப்படைத்தார். திப்பு அப்போது முப்பது வயதை எட்டாத இளைஞர்.

பெய்லியின் படையைக் கொசத்தலையாற்று வெள்ளம் பல நாள் தடுத்து நிறுத்தியது. ஆற்றைக் கடந்து வந்தவரைச் செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தருகே திப்பு மறித்தார். மன்றோ தம் முழுப்படையுடன் உதவிக்குச் செல்லாமல், கர்னல் பிளெட்சர் தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். அவர்களும் சேர்ந்தபின் பெய்லியிடம் இருந்தோர் சுமார் 3,800 பேர். செப்டம்பர் 10ஆம் நாள் காலை, புள்ளலூர் அருகே அவர்கள் வளைக்கப்பட்டனர். ஹைதரின் முதன்மைப் படையும் வந்து சேர்ந்துகொண்டது. பீரங்கிகள் முழங்கின, குதிரைப்படை சூழ்ந்தது, வாணங்கள் சீறிப் பறந்தன. போரின் நடுவே ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றிப் பேரொலியோடு வெடித்துச் சிதறின. அத்துடன் அவர்களின் பீரங்கிகளுக்கு மருந்தில்லாமற் போயிற்று. பிளெட்சர் களத்தில் மாண்டார். பெய்லி சரணடைந்து, சீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782ஆம் ஆண்டு இறந்தார். சில மணி நேர நடைத் தொலைவில் காஞ்சியில் இருந்த மன்றோ, செய்தியறிந்ததும் தம் கனத்த பீரங்கிகளை அங்கிருந்த குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியே சென்னைக்குப் பின்வாங்கினார்.

இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத தோல்வி அது. திப்பு தம் வெற்றியைச் சீரங்கப்பட்டணத்தில் 1784இல் எழுந்த தரியா தௌலத் மாளிகையின் சுவரில் பெருஞ்சித்திரமாக வரையச் செய்தார். பல்லக்கில் அமர்ந்த பெய்லியும், அவரைச் சூழ்ந்த சதுர அணிவகுப்பும், நடுவே வெடிக்கும் மருந்து வண்டியும் இன்றும் அச்சுவரில் காணக்கிடைக்கின்றன. அக்காட்சியைத் தாளில் தீட்டிய நீண்ட ஓவியம் ஒன்று 2022ஆம் ஆண்டு லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுனுக்கு விலைபோயிற்று.

முதல் வாணம் எவருடையது?

இனி, நம் கேள்விக்கு வருவோம். ராக்கெட்டை முதலில் கண்டவர் திப்புவா? இல்லை. அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது உலகில் இருந்தது. வெடிமருந்தைக் கண்டவர் சீனர். 13ஆம் நூற்றாண்டில் அங்கே தீயம்புகள் போரில் பயன்பட்டன. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், 1280ஆம் ஆண்டையொட்டி, சிரியா நாட்டின் ஹசன் அர்ரம்மாஹ் என்னும் அறிஞர் போர்க்கலை பற்றிய தம் அரபு நூலில் வெடிமருந்துக் கலவைகள் பலவற்றை அளவோடு எழுதி வைத்தார். வெடியுப்பை மரச்சாம்பல் கொண்டு தூய்மை செய்யும் முறையையும் அவர் விளக்கியுள்ளார். தானே பாய்ந்து செல்லும் எரிகருவிகள் பற்றிய குறிப்புகளும் அந்நூலில் உள்ளன.

இந்தியாவிலும் முகலாயர் படையிலும் மராத்தியர் படையிலும் 'பாண்' என்ற பெயரால் வாணங்கள் வழங்கின. நம் தமிழில் 'வாண வேடிக்கை' என்கிறோமே, அந்த 'வாணம்' அம்பைக் குறிக்கும் 'பாணம்' என்ற சொல்லிலிருந்து வந்ததே. ஹைதர் அலியின் தந்தை ஃபத்ஹ் முஹம்மது, ஆர்க்காட்டு நவாபின் படையில் ஐம்பது வாணவீரர்களுக்குத் தலைவராக இருந்தவர். ஆகவே வாணக்கலை அக்குடும்பத்திற்குப் பரம்பரைச் சொத்தாக வந்தது என்றே சொல்ல வேண்டும். அதுவும் நம் தமிழ்நாட்டு ஆர்க்காட்டோடு தொடர்புடைய சொத்து.

மைசூர் செய்த புதுமை

அப்படியானால் ஹைதரும் திப்புவும் என்னதான் செய்தனர்? இங்குதான் மெய்யான பெருமை இருக்கிறது. பெற்றோரே! பிள்ளைகளுக்கு இப்பகுதியை நிறுத்தி விளக்குங்கள்.

ஒரு வாணத்திற்குள் கரியும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த கருமருந்து திணிக்கப்படுகிறது. தீ வைத்தால் மருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த வாயு குழலின் ஒரு முனையிலுள்ள துளை வழியே பின்னோக்கிச் சீறும்போது, குழல் முன்னோக்கிப் பாய்கிறது. உள்ளே அழுத்தம் மிகுதியானால் பாய்ச்சலும் மிகுதியாகும். ஆனால் அழுத்தம் அளவு கடந்தால் குழலே வெடித்துவிடும். அக்காலத்தில் ஐரோப்பாவிலும் பிற இடங்களிலும் தடித்த தாளாலோ மூங்கிலாலோ ஆன குழல்களையே பயன்படுத்தினர். அவை பெரும் அழுத்தத்தைத் தாங்கமாட்டா. எனவே மருந்தைக் குறைத்துத் திணித்தனர். வாணமும் குறைந்த தொலைவே சென்றது.

மைசூர்க் கொல்லர் அக்குழலை இரும்பால் செய்தனர். அடித்து மென்மைப்படுத்திய இரும்புத் தகட்டை உருட்டி, சுமார் 20 செ.மீ. நீளமுள்ள குழலாக்கினர். அதற்குள் மருந்தை நெருக்கித் திணிக்க முடிந்தது. அழுத்தத்தை இரும்பு தாங்கியது. ஒரு மீட்டருக்குக் குறையாத மூங்கில் கழியைத் தோல்வாரால் அதனோடு பிணைத்தனர். அக்கழி வாணம் தடுமாறாமல் நேராகச் செல்ல உதவிற்று. சிலவற்றில் மூங்கிலுக்கு மாற்றாக வாளின் அலகையே பிணைத்தனர். அவை ஒன்றரை, இரண்டு கி.மீ. வரை பாய்ந்தன என்று குறிப்புகள் கூறுகின்றன. அக்காலத்து உலகில் எந்நாட்டு வாணமும் அவ்வளவு தொலைவு செல்லவில்லை.

கருவியை மட்டுமன்று, அதனைக் கையாளும் படையையும் அவர்கள் உருவாக்கினர். திப்புவின் ஆணைப்படி இயற்றப்பட்ட 'ஃபத்ஹுல் முஜாஹிதீன்' என்னும் போர்க்கலை நூல், 'கூஷூன்' எனப்பட்ட ஒவ்வொரு படைப்பிரிவிலும் 200 வாணவீரர்கள் இருக்கவேண்டுமென வகுத்தது. பகைவர் நிற்கும் தொலைவையும் குழலின் பருமனையும் கணக்கிட்டு எந்தச் சாய்வில் ஏவுவது என்பதில் அவ்வீரர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. ஒரே வேளையில் பல வாணங்களை ஏவும் சக்கர வண்டிகளும் இருந்தன. 2018ஆம் ஆண்டு கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகரா என்னும் ஊரில், பாழுங்கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு வாணக் குழல்கள் எடுக்கப்பட்டன. எத்துணைப் பெரிய அளவில் அவை செய்யப்பட்டன என்பதற்கு அக்கிணறே சான்று.

இக்குழல்களைச் செய்த கொல்லர்கள் யாவர்? மருந்தின் கலவையைக் கண்டறிந்தவர் எவர்? ஒருவர் பெயரையும் வரலாறு நமக்குச் சொல்லவில்லை. பட்டுச்சேலையின் முந்தியில் நெய்தவர் பெயர் இராது என்பதை நெசவூரில் வாழும் நாம் அறிவோம். கைத்தொழிலாளரின் அறிவு பொருளில் நின்றுவிடுகிறது. பெயர் ஏட்டில் ஏறுவதில்லை.

வாணம் மட்டுமா வென்றது?

புள்ளலூரில் மருந்து வண்டியைக் கொளுத்தியது வாணம்தான் என்று பலர் எழுதியுள்ளனர். பீரங்கிக் குண்டே காரணம் என்று எழுதியவர்களும் உளர். வாணம் குறிதவறாமல் அடிக்கும் கருவியன்று. குதிரைகளையும் வண்டி மாடுகளையும் மிரட்டவும், கூட்டமாக நிற்கும் படையைக் கலைக்கவும், கூடாரங்களையும் மருந்தையும் கொளுத்தவும் அது பெரிதும் உதவியது. அதனோடு, மன்றோவின் தயக்கமும், ஆற்று வெள்ளமும், ஹைதரின் திறம்வாய்ந்த ஒற்றறிதலும், பீரங்கிப்படையும் குதிரைப்படையும் சேர்ந்தே அவ்வெற்றியைத் தந்தன. மறு ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27இல், அதே புள்ளலூரில் அதே ஹைதரை ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட் எதிர்கொண்டார். அன்று ஹைதரே களத்தை விட்டு நகர நேர்ந்தது. வாணங்கள் அன்றும் அவரிடம் இருந்தன.

இப்போரை முஸ்லிம்களுக்கும் பிறருக்கும் நடந்த போராகச் சித்திரிப்பதும் பிழையே. ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா ஆங்கிலேயர் பக்கம் நின்றார். ஹைதரின் படையிலும் அரசிலும் இந்துக்கள் நிறைந்திருந்தனர், பிரெஞ்சுக்காரரும் இருந்தனர். பெய்லியின் படையில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்களே. புள்ளலூரில் 1781 போரில் இறந்த ஆங்கில அதிகாரிகள் இருவருக்கு நினைவுத் தூண்கள் உண்டு. அங்கு மடிந்த நம்மவர்க்கு, இரு தரப்பிலும், பெயர் சொல்லும் கல் ஒன்றும் இல்லை.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஹைதரின் படையெடுப்பால் ஆர்க்காட்டுச் சீமையின் குடிகள் பட்ட துன்பம் பெரிது. ஆங்கிலேயருக்கு உணவு கிடைக்காதபடி சென்னையைச் சுற்றியிருந்த ஊர்கள் பல எரிக்கப்பட்டன. உழவும் தொழிலும் நின்றன. பஞ்சம் பரவியது. ஊரிழந்து சென்னைக்குள் ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782ஆம் ஆண்டு ஏற்பட்டதே மணியக்காரர் சத்திரம். அதனை ஒட்டி வளர்ந்த கஞ்சித்தொட்டி மருத்துவமனையே பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனை ஆயிற்று. வட சென்னையின் ஏழைகளுக்கு இன்றும் மருந்து தரும் அவ்விடம், புள்ளலூர் ஆண்டின் பசியிலிருந்து முளைத்தது. வெற்றியைப் பாடும்போது அந்தப் பசியையும் நினைப்பதே நேர்மை.

அறிவு கைமாறிய கதை

1799ஆம் ஆண்டு ஆங்கிலேயர் சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டனர். ஏப்ரல் 5ஆம் நாள் இரவு, சுல்தான்பேட்டைத் தோப்பில் மைசூர் வாணங்களையும் துப்பாக்கிகளையும் எதிர்கொண்டு நிலைகுலைந்து பின்வாங்கியவர் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு அவரே. மே 2ஆம் நாள் ஒரு குண்டு கோட்டைக்குள் இருந்த வாணக் கிடங்கில் விழுந்து பெருவெடிப்பு நிகழ்ந்தது. மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. திப்பு போரிட்டு மாண்டார். புள்ளலூரில் சிறைப்பட்டு ஆண்டுக்கணக்கில் வாடிய டேவிட் பேர்ட் என்பவரே அன்று கோட்டைக்குள் புகுந்த படையை நடத்தினார்.

கோட்டையில் கிடைத்த வாணங்களுள் சில லண்டனை அடுத்த உல்விச் படைக்கலச் சாலைக்கு அனுப்பப்பட்டன. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்பவர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். மைசூர் வாணம் இருப்பதை அறிந்த அவர், லண்டன் கடைகளில் கிடைத்த மிகப்பெரிய வாணங்களைத் தம் கைப்பணத்தில் வாங்கி ஏவிப் பார்த்தார். அவை 600 கெஜத்திற்கு மேல் செல்லவில்லை. மருந்தின் கலவையை மாற்றினார். இரும்புக் குழலைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு மாற்றத்தையும் அளந்து குறித்தார். 1806ஆம் ஆண்டில் அவருடைய வாணங்கள் 3,000 கெஜம் வரை சென்றன. அந்த ஆண்டில் பிரான்சின் புலோன் துறைமுகத்தின் மீதும், 1807இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரின் மீதும் அவை பொழிந்தன. கோபன்ஹேகனில் வீடுகள் எரிந்தன. போருக்குத் தொடர்பற்ற நகரமக்கள் மடிந்தனர். 1814இல் அமெரிக்காவின் பால்டிமோர் கோட்டை மீது அவற்றை ஏவியபோது அதைக் கண்ணுற்ற பிரான்சிஸ் ஸ்காட் கீ என்பவர் எழுதிய பாடலே பின்னாளில் அமெரிக்க நாட்டுப்பண் ஆயிற்று. அதில் ராக்கெட்டுகளைப் பற்றிய குறிப்பு உண்டு. கொல்லன் உலையில் பிறந்த மைசூர்க் குழலின் நிழல், கடல் கடந்து ஒரு நாட்டின் பண்ணிலே விழுந்திருக்கிறது.

பெங்களூர் தேசிய விண்ணூர்தி ஆய்வகத்தின் அறிவியலறிஞர் ரொத்தம் நரசிம்மா 1985ஆம் ஆண்டு எழுதிய ஆய்வு, மைசூரிலும் பிரிட்டனிலும் ராக்கெட் வளர்ந்த வரலாற்றை ஒப்பிட்டுக் காட்டியது. அந்த ஒப்பீட்டை எண்ணும்போது நம் நெஞ்சைத் தைக்கும் ஒரு கேள்வி எழுகிறது. முதலில் செய்தவர் நாம். பின்னர் கற்றவர் அவர். அவ்வாறிருக்க, நம்மிடம் அது ஏன் நின்றுபோயிற்று?

அரசு வீழ்ந்தது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணமாகாது. மைசூரின் வாண அறிவு ஓர் அரசனின் படைக்கலமாக இருந்தது. கொல்லரின் கைப்பழக்கமாக இருந்தது. எவரும் கற்கத்தக்க பாடமாக அது ஆகவில்லை. அரசனும் பட்டறையும் மறைந்ததும் அறிவும் மறைந்தது. உல்விச்சிலோ அளந்தனர், எழுதினர், அச்சிட்டனர், அடுத்தவர்க்குக் கற்பித்தனர். ஒருவர் இறந்தாலும் ஏடு இருந்தது. ஏடு இருந்ததால் அடுத்தவர் அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கைக்குள் பூட்டிய அறிவு கையோடு போகும். கற்பிக்கப்பட்ட அறிவே தலைமுறை தாண்டும்.

சுவரில் கண்ட சித்திரம்

இனி நாசாவின் செய்தி. இதுவும் முற்றும் பொய்யன்று. 1963ஆம் ஆண்டு பயிற்சிக்காக அமெரிக்கா சென்ற ஓர் இளம் பொறியாளர், வர்ஜீனியா மாநிலத்தின் வாலப்ஸ் தீவிலுள்ள நாசாவின் ஏவுதளத்து வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியத்தைக் கண்டார். பின்னணியில் ராக்கெட்டுகள் பறக்கும் ஒரு போர்க்களக் காட்சி அது. அவற்றை ஏவும் வீரர்கள் வெள்ளையர் அல்லர். நம் நாட்டவர் சாயலுடைய கருநிறத்தவர். நெருங்கிப் பார்த்தார். திப்புவின் படை ஆங்கிலேயரோடு பொருதும் காட்சி! சொந்த நாட்டில் மறக்கப்பட்ட ஒன்று உலகின் மறுகோடியில் நினைக்கப்படுவதைக் கண்டு அவர் உள்ளம் நெகிழ்ந்தார். அந்த இளைஞர், இராமேஸ்வரத்தில் படகுக்காரரின் மகனாகப் பிறந்த ஆ.ப.ஜை. அப்துல் கலாம். 1999இல் வெளிவந்த தம் வரலாற்று நூலான 'அக்கினிச் சிறகுகளி'ல் இதனை அவரே பதிவு செய்துள்ளார்.

கலாம் கண்டது தலைமையகத்தில் மாட்டிய உருவப்படமன்று. ஓர் ஏவுதளத்தின் கூடத்தில் இருந்த போர்க்காட்சி. வேறுபாடு சிறிதுதான். ஆனால் அச்சிறு வேறுபாட்டை நாம் காப்பாற்றினால், கேட்பவர் முழுவதையும் நம்புவர். ஒன்றைப் பெரிதாக்கி அது பொய்யென்று தெரிந்துவிட்டால், மெய்யான பத்தையும் அவர் தள்ளிவிடுவர்.

கலாம் அந்த ஓவியத்தின் முன் நின்று பெருமைப்பட்டதோடு நிற்கவில்லை. அதே 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், கேரளத்தின் தும்பாவில் இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டபோது அதற்காக உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். 1980 ஜூலை 18ஆம் நாள், அவர் திட்ட இயக்குநராயிருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி-3 ஏவுகலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிலைநிறுத்தியது. புள்ளலூர்ப் போர் நடந்தது 1780. ரோகிணி எழுந்தது 1980. இருநூறு ஆண்டு இடைவெளி. அந்த இருநூறு ஆண்டில் நாம் இழந்ததையும், ஒரு பள்ளி, ஒரு கல்லூரி, ஓர் ஆய்வகம் என்று படிப்படியாக மீட்டதையும் எண்ணிப் பாருங்கள்.

நம் பிள்ளைகளுக்கு எதனைச் சொல்வது?

தீயவர் ஒரு செய்தியைக் கொணர்ந்தால் அதனைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறும், அறியாமையால் ஒரு கூட்டத்தார்க்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேராதவாறும் திருமறையின் 49ஆம் அத்தியாயம் நம்மை எச்சரிக்கிறது. பகைவரைப் பற்றிய செய்தியைத்தான் விசாரிக்கவேண்டும், நம்மைப் புகழும் செய்தியை அப்படியே ஏற்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். நம்மைப் புகழும் செய்தியில்தான் நம் கண் எளிதில் மூடிக்கொள்ளும். எனவே ஒரு செய்தியை அடுத்தவர்க்கு அனுப்புமுன் யார், எப்போது, எங்கே, எப்படித் தெரியும் என்னும் நான்கு கேள்விகளைக் கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். விடை கிடைத்தால் அனுப்பட்டும். கிடைக்காவிடில் அது தம்மோடு நிற்கட்டும்.

முன்னோர் பெருமை, பின்னோர்க்கு இருக்கையாகிவிடக் கூடாது, ஏணியாக வேண்டும். திப்புவின் வாணத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் வீட்டில், பன்னிரண்டாம் வகுப்போடு பெண்ணின் படிப்பை நிறுத்துவார்களேயானால் அந்தப் பேச்சால் பயனென்ன? பையன் இயற்பியல் படிக்க விரும்பும்போது, உடனே சம்பாதிக்க வழி பார் என்று கடைக்கு அனுப்புவார்களேயானால் வாலப்ஸ் தீவின் ஓவியத்தால் நமக்கென்ன நன்மை?

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். 2023 செப்டம்பர் 2ஆம் நாள், சூரியனை ஆராயும் இந்தியாவின் முதல் விண்கலமான ஆதித்யா-எல்1, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. பூமியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கி.மீ. தொலைவிலுள்ள தன் நிலையை 2024 ஜனவரி 6ஆம் நாள் அது அடைந்தது. அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் நிகர் ஷாஜி. தென்காசி மாவட்டம் செங்கோட்டையில் பிறந்து, அவ்வூர் அரசுப் பள்ளியில் பயின்று, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் கற்று, 1987ஆம் ஆண்டு இஸ்ரோவில் சேர்ந்தவர். நம் தமிழ் முஸ்லிம் குடும்பமொன்றின் பெண்பிள்ளை. அவரைப் படிக்க வைத்தவர்கள் எதையும் மிகைப்படுத்திப் பேசவேண்டிய தேவை இருந்ததா? பள்ளிக்கு அனுப்பினார்கள், கல்லூரிக்கு அனுப்பினார்கள். அதுவே போதுமானதாயிற்று.

புள்ளலூரில் பறந்த வாணம் மனிதரைக் கொல்லப் பறந்தது. ஆதித்யா எவரையும் கொல்லச் செல்லவில்லை. இறைவன் படைத்த ஒளிவிளக்கை அறியச் சென்றது. இரண்டுக்கும் அடிப்படை விதி ஒன்றே: வாயு பின்னே சீற, கலம் முன்னே பாய்கிறது. விதி மாறவில்லை; அதனைக் கற்றவரின் நோக்கம் மாறியது. அந்த மாற்றமே நாகரிகம்.

விடுமுறையில் காஞ்சிக்கு வருவோர் சேலை வாங்கித் திரும்புவதோடு நில்லாமல், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு மாலை புள்ளலூருக்கும் சென்று வாருங்கள். அந்த வயல்வெளியில் நின்று, இரும்புக் குழலைச் செய்த பெயரறியாத கொல்லரைப் பற்றியும், பசியால் ஊர்விட்டு ஓடிய குடிகளைப் பற்றியும், இராமேஸ்வரத்துச் சிறுவனைப் பற்றியும், செங்கோட்டைச் சிறுமியைப் பற்றியும் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நடந்தது நடந்தபடியே போதும்.